12 ஜக்கு போட்டேன், 9 தான் திரும்பியது: கெளுத்திக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போங்கள்

புதுத்தக்கை (பிளேனோ, டெக்சாஸ்) ஞாயிறு இரவு

வணக்கம். திட்டு வாங்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன வருடம் அலுவலக நண்பரோடு போய் ஜக்கு போட்டதிலிருந்து கெளுத்திப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காலிப் பால் கேன், பிளீச் புட்டி, நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடும் நுரைக்குழல் (இங்கே அதற்கு நூடுல் என்று பெயர், மேகி இல்லை) என்று எதையாவது மிதவையாக வைத்து, கீழே தடித்த நூலில் தூண்டில் முள்ளும் ஈயமும் கட்டி, இரை குத்தி ஏரியில் விட்டுவிட வேண்டியது. ராடு பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். படகில் சுற்றிவந்து எந்த ஜக்கு குதிக்கிறது என்று பார்த்தால் போதும். டெக்சாஸ், ஓக்லஹோமா, மிசௌரி பக்கமெல்லாம் தாத்தா காலத்துப் பழக்கம்.

நேற்று சாயங்காலம் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லாமல், மைத்துனனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். 12 ஜக்கு. பொழுது சாய்வதற்குள் போட்டுவிட்டு, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கரைக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடாரம் படபடவென்று அடித்தபோதுதான் தெற்குக் காற்று ஏறியிருப்பது தெரிந்தது. காலையில் 8 கிடைத்தன. ஒன்பதாவது மத்தியானம் கிடைத்தது, அணைக்கட்டுக் கருங்கல்லில் சிக்கி. அதில் ஒரு புளூ கெளுத்தி, ஏழெட்டுப் பவுண்டு இருக்கும். செத்து, வயிறு ஊதி, கண் வெளுத்துப்போய்க் கிடந்தது. நூலை இழுத்தால் முள் வரவில்லை, உள்ளே குடலில் எங்கோ. மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மீதி மூன்று கிடைக்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று முள். அவை இப்போது அங்கே என்ன செய்துகொண்டிருக்கும் என்ற நினைப்பாகவே இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

வைகைக்கரையான் (டென்டன்) ஞாயிறு இரவு

தம்பி, திட்டுவதற்கு முன் நாலு கேள்வி. நங்கூரம் போட்ட ஜக்கா, சும்மா மிதக்கிறதா? சர்க்கிள் முள்ளா (நுனி உள்பக்கம் வளைந்தது), ஜே முள்ளா (J எழுத்து மாதிரி)? இரை எத்தனை அடி ஆழத்தில்? பெயர்ச் சீட்டு கட்டியிருந்தாயா?

பதில் எழுதுவதற்கு முன் ஒரு வேலை. காலையில் அந்த கவுண்டி கேம் வார்டனை (வேட்டை, மீன்பிடிச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) கூப்பிட்டு, எங்கே போட்டாய், எப்போது போட்டாய், எத்தனை தொலைந்தது என்று நீயே சொல்லிவிடு. அபராதம் வருமோ என்று பயந்து பேசாமல் இருக்காதே. அப்புறம் காற்று அடங்கிய நாளில் வடகரையை ஒட்டி ஒரு சுற்று. தெற்குக் காற்று என்றாயே, எல்லாம் வடக்கே போய் நாணலில் ஏறியிருக்கும்.

சும்மாபாப்போம் (ஆஸ்டின்) திங்கள் காலை

மன்னிக்கவும், இதற்குப் பெயர் மீன்பிடிப்பா? இரையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குவது! கையில் ராடு இருந்தால் கடித்த நொடியே தெரியும். எடுக்கலாம், சின்னதென்றால் விடலாம். ஜக்கில் மாட்டிய மீன் ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

நான் கயாக்கில் போகிறவன். போன ஆகஸ்டில் ஓர் அனாதை ஜக்கின் நூல் துடுப்பில் சுற்றி, முள் என் கால்சட்டையில் ஏறிவிட்டது. தொடைக்கும் அதற்கும் அரை அங்குலம். இதைத் தடை செய்ய வேண்டும் என்பேன்.

முத்துநகர் (கால்வெஸ்டன் பக்கம்) திங்கள் மதியம்

தடை என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்ட குடும்பம். அதுவும் இதே வேலைதான், மிதவைக்குக் கீழே வரிசையாக முள். ஆனால் தாத்தா கடலில் தூண்டிலை வளைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்ததில்லை. வள்ளம் அங்கேயே நிற்கும். முதல் மிதவையில் ஒரு கொடி, கடைசி மிதவையில் ஒரு கொடி, இரண்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்கும்போது ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவார். எண்ணிக்கை குறைந்தால் தேடி எடுக்கிறவரை வள்ளத்தில் யாருக்கும் சோறு கிடையாது, அவர் உட்பட.

புதுத்தக்கை, ஒன்று கேட்கிறேன். 12 என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

புதுத்தக்கை திங்கள் இரவு

அண்ணா, கரெக்டாகப் பிடித்துவிட்டீர்கள். கடையில் ஆறு ஆறாகக் கட்டி விற்றார்கள். இரண்டு கட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் கணக்கு.

வைகைக்கரையான் அண்ணனுக்கு: நங்கூரம் இல்லை. ஜே முள். ஆறடி ஆழம். சீட்டு இருந்தது, பெயர், முகவரி, தேதி எழுதி டேப் சுற்றினேன். கிடைத்த ஒன்பதில் நாலில் மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்படியானால் தொலைந்த மூன்றும் யார் கையில் கிடைத்தாலும் என்னுடையது என்று தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரம் அது நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் அதை நினைத்தே வெட்கமாகிவிட்டது.

வார்டனிடம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார். அடுத்த தடவை ராத்திரி அங்கேயே இருங்கள் என்றார்.

வைகைக்கரையான் திங்கள் இரவு

சரி, உட்கார். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் சட்டம், சீக்கிரம் முடித்துவிடலாம். டெக்சாஸில் ஒரு ஜக்கில் அதிகபட்சம் 5 முள். ஓர் ஆளுக்கு எல்லாத் தூண்டிலும் சேர்த்து 100 முள். சீட்டு மிதவையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதில் பெயரும் முகவரியும், இல்லையென்றால் உன் லைசென்ஸில் இருக்கும் வாடிக்கையாளர் எண், கூடவே போட்ட தேதி. மிதவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கக் கூடாது, அது வியாபாரிகளுக்கு. ஸ்டேட் பார்க்குக்குள் அடங்கிய குளங்களிலும், ஊருக்குள் இருக்கும் சமூக ஏரிகளிலும் ஜக்கே கிடையாது, ராடு மட்டும்.

100 முள் என்று சட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் போட்டுவிடாதே. நானும் என் தம்பியும் ஒரு படகில் போனால் 8 ஜக்கு, ஜக்குக்கு ஒரே முள். எட்டும் ஒரே நேரத்தில் குதித்தாலும் அரை மணியில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எட்டுக்கு மேல் போட்ட ஒரு நாள் ஒன்பதாவதைத் தேடி இரண்டு மணி நேரம் சுற்றினோம். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

முள் விஷயத்தில்தான் உன் மீன் செத்தது. ஜே முள்ளை மீன் விழுங்கிவிடும், ராடைச் சொடுக்கி வாயிலேயே மாட்ட ஆள் இல்லையே. சர்க்கிள் முள்ளின் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு திரும்பிப் போகும்போது அது தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். சொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, மிதவையின் இழுப்பே போதும். ஜக்குக்கென்றே செய்ததுபோல இருக்கும். முள்ளின் வாயை இரையால் அடைத்துவிடாதே, நுனி வெளியே தெரிய வேண்டும்.

மிதவைக்கு நூடுல்தான் என் கட்சி. ஒன்றரை அடித் துண்டு வெட்டி, நடுவே பிவிசி குழாய் செருகி, குழாய்க்குள் இரண்டு மூன்று இரும்பு நட்டு போட்டு இரண்டு முனையையும் அடைத்துவிடு. நூலை ஒரு முனையில் கட்டு. சும்மா இருக்கும்போது படுத்தே கிடக்கும். மீன் இழுத்ததும் அந்த முனை கீழே இறங்க, நட்டுகள் சரசரவென்று அந்தப் பக்கம் ஓட, நூடுல் நட்டுக்குத்தலாக எழுந்து நிற்கும். மேல் முனையில் ஒளி பட்டால் மின்னும் டேப் இரண்டு சுற்று. ராத்திரி டார்ச் அடித்தால் எது நிற்கிறது, எது படுத்திருக்கிறது என்று தூரத்திலேயே தெரியும். அனாவசியமாகக் கிட்டே போய் நூலை மோட்டாரில் சுற்றிக்கொள்ள வேண்டாம். பால் கேன் வேண்டாம் என்பேன், வெயிலில் நொறுங்கிப்போகும். காற்றில் அது பாய்மரம்தான்.

நூல் தார் ஏற்றிய நைலான் கயிறு. தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) கையை அறுக்கும், சுருண்டு சிக்கலும் போடும். நங்கூரத்துக்கு ஒரு கம்பித் துண்டோ பழைய இரும்போ, மூன்று பவுண்டு. தண்ணீர் 15 அடி என்றால் 25 அடி நூல் விடு. அலை ஏறினால் நங்கூரம் தூக்கிக்கொள்ளாது.

சீட்டுக்கு என் வழி: காலிக் கோக் டின்னை வெட்டி, தகட்டில் ஆணியால் எண்ணைக் கீறிவிடுவேன். ஐந்து வருடத் தகடு இன்னும் படிக்க முடிகிறது. தேதி மட்டும் மாறிக்கொண்டே இருக்குமே, அதற்குத் தண்ணீர் தாங்கும் காகிதமும் பென்சிலும். மைதான் கரையும், பென்சில் கரையாது.

ஆழம் இன்னொரு விஷயம். கோடையில் இங்கத்திய ஏரிகள் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். இரை அங்கே இறங்கினால் மீன் கடிக்காது. மேலே கடித்த மீன் நூலோடு கீழே போய் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஃபிஷ் ஃபைண்டரில் (தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) ஒரு பட்டை தெரியும், அதற்கு மேலேயே நிறுத்து. வெந்நீர் மாதிரி இருக்கும் ஜூலைத் தண்ணீரில் மீனை மூன்று மணி நேரம் தொங்கவிடுவதும் பிப்ரவரியில் தொங்கவிடுவதும் ஒன்றல்ல. நான் கோடையில் 45 நிமிடத்துக்கு ஒரு சுற்று.

இரைக்கு ஷாட் என்ற ஏரி மீனின் துண்டு. சில டெக்சாஸ் தாத்தாக்கள் சோட் என்ற மெக்சிகோ சலவை சோப்பை, அந்த ரோஸ் நிறக் கட்டியை, துண்டு போட்டுக் குத்துவார்கள். சிரிக்காதே, கெளுத்தி கடிக்கும்.

கெளுத்திப்பிரியை (செயின்ட் லூயிஸ் பக்கம்) செவ்வாய் காலை

இந்தத் தூங்குகிற கதைக்கு எங்கள் மிசௌரியில் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. நங்கூரமில்லாத ஜக்கு ஆற்றில் என்றால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும், ஏரியில் என்றால் மணிக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நங்கூரம் போட்டது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆளுக்கு மொத்தம் 33 முள்தான். அதனால் டெக்சாஸ் அண்ணன் சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே வந்து போட்டுவிடாதீர்கள், மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

என்னைக் கேட்டால் 24 மணி நேரம் என்பதே அதிகம். மூன்று வருடத்துக்கு முன் என் நங்கூர ஜக்கில் ஒரு மெல்லோட்டு ஆமை மாட்டியது. ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டுமே. ஈயம் அதை வரவிடவில்லை. தூக்கிப் பார்த்தபோது கழுத்தை முழு நீளத்துக்கு மேலே நீட்டியபடியே செத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் நூலை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டி விட்டிருக்கலாம். அன்றிலிருந்து ஆமை தலை காட்டும் ஓடையோரத்தில் ஜக்கு போடுவதில்லை. கிழக்கு டெக்சாஸ் ஆறுகளில் இருக்கிறவர்களுக்கு இன்னும் பொறுப்பு அதிகம், அங்கே முதலையாமை (ஆலிகேட்டர் ஸ்னாப்பிங் டர்ட்டில்) இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

சும்மாபாப்போம் செவ்வாய் மதியம்

படித்தேன். எட்டு ஜக்கு, ஒரு முள், 45 நிமிடம் என்றால் நான் சொன்னதில் பாதி அடிபட்டுப் போகிறது. மீதிப் பாதி நிற்கிறது. டெக்சாஸில் 25 மீன் எடுக்கலாம் என்கிறார்கள். உங்களுக்கு எதற்கு 25 கெளுத்தி? ராடுக்காரன் மதியத்துக்குள் அலுத்துப்போவான், ஜக்கு அலுத்துப்போகாதே.

வைகைக்கரையான் செவ்வாய் மாலை

நியாயமான கேள்வி. மாநிலப் பொது வரம்பு புளூ, சேனல் என்ற இரண்டு கெளுத்தி வகையும் சேர்த்து நாளைக்கு 25, அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது 10 தான். பிளாட்ஹெட் என்ற இன்னொரு வகை 5, குறைந்தது 18 அங்குலம். டெக்சோமா ஏரியில் புளூவும் சேனலும் சேர்த்து 15, அதில் 30 அங்குலத்தைத் தொட்ட புளூ ஒன்றே ஒன்று. ஏரிக்கு ஏரி மாறும், கிளம்புமுன் அந்த ஏரியின் பக்கத்தைப் படித்துவிட்டுப் போ. டெக்சோமா ஓக்லஹோமாவிலும் இருப்பதால் இரண்டு பக்கமும் பிடிக்க இரண்டு மாநில லைசென்ஸோ, அந்த ஏரிக்கென்று இருக்கும் தனி லைசென்ஸோ வேண்டும்.

பெரிய புளூவை மட்டும் நான் எடுப்பதே இல்லை. 2004 ஜனவரியில் டெக்சோமா கரையில் ராடு போட்டு ஒருவர் 121.5 பவுண்டு புளூ பிடித்தார், அப்போது அது உலக சாதனை. அவர் அதை வெட்டவில்லை. ஆதன்ஸ் ஊரில் இருக்கும் மாநில மீன் மையத்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது. ஸ்பிளாஷ் என்று பெயர் வைத்து, 2005 டிசம்பரில் சாகும்வரை ஜனங்கள் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். அப்புறம் அந்த சாதனை மூன்று முறை உடைந்தது, இப்போது வர்ஜினியாவின் கெர் ஏரியில் 2011 இல் பிடித்த 143 பவுண்டு. இந்த அளவுக்கு வளர எத்தனையோ வருடம் ஆகும். அதை ஒரு நாள் குழம்பில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முத்துநகர் செவ்வாய் இரவு

மனசை விடுங்கள், ருசியே இல்லை. முப்பது பவுண்டுக் கெளுத்தியில் பாதி கொழுப்பு, பாதி சேற்று வாடை. கொழுப்பில்தான் தண்ணீரில் இருக்கும் கண்டதும் சேரும். குழம்புக்கு இரண்டிலிருந்து நாலு பவுண்டு.

வர்ஜினியா என்றீர்களே, செசபீக் விரிகுடா பக்கம் மட்டும் கதை தலைகீழ். 1970களில் ஆறுகளில் கொண்டுவந்து விட்ட புளூ கெளுத்தி அங்கே பெருகி நண்டையும் மற்ற மீனையும் தின்று தீர்க்கிறது. எவ்வளவு முடியுமோ பிடித்துத் தின்னுங்கள் என்று அரசே கெஞ்சுகிறது. இங்கே விடச் சொல்வதை அங்கே போய்ச் சொன்னால் அடிப்பார்கள்.

கெளுத்திப்பிரியை செவ்வாய் இரவு

குழம்பு என்று வந்துவிட்டதால்: தோலைக் குறடு வைத்து உரித்த பிறகு, பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையைக் கத்தி நுனியால் கீறி எடுத்துவிடுங்கள். வாடை அதில்தான். அப்புறம் கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு போகிறவரை கழுவணும். எங்கள் அம்மா ஊரில் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். செட்டை முள் மூன்று இருக்கிறது, முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. சின்னக் கெளுத்தியின் முள்தான் கூர். புதுத்தக்கை, தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கையைச் செட்டை முள்ளுக்குப் பின்னால் கொடுத்துப் பிடியுங்கள். குத்தினால் ஊரில் குத்திய அதே கடுப்புதான், அமெரிக்கக் கெளுத்தி என்று தனி மரியாதை எல்லாம் கிடையாது.

நாலாவதுவீடு (ஃபிரிஸ்கோ) புதன் காலை

குறுக்கே வருகிறேன். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். படகில் கூட வந்து ஜக்கை இழுக்க அவருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? பையனுக்கு 11 வயது.

வைகைக்கரையான் புதன் காலை

பையனுக்கு வேண்டாம், 17 வயதுக்குக் கீழே தேவையில்லை. ஆனால் 13 க்குக் கீழே என்பதால் படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் கழற்றவே கூடாது. அப்பா வேடிக்கை பார்த்தால் ஒன்றும் வேண்டாம். நூலைத் தொடுவதாக இருந்தால் வெளியூர்க்காரருக்கான ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள். எப்படியும் தொடாமல் இருக்க மாட்டார், வாங்கிவிடுங்கள்.

கிளம்பும்போது படகில், வாளியில் இருக்கும் தண்ணீரை அங்கேயே வடித்துவிட வேண்டும். 2009 இல் டெக்சோமாவில் வரிச்சிப்பி (ஜீப்ரா மசல்) வந்ததிலிருந்து ஏரிக்கு ஏரி அது இப்படித்தான் சவாரி போகிறது. நங்கூரக் கயிற்றையும் காயவைத்துவிட்டே அடுத்த ஏரிக்குப் போங்கள். அதை யாரும் நினைப்பதில்லை.

புதுத்தக்கை வியாழன் இரவு

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அண்ணன் சொன்னதுபோல வடகரைதான். ஒன்று நாணலுக்குள் கிடந்தது, இரை போயிருந்தது, முள் மூன்றும் வெறும் முள். இன்னொன்று ஒருவரின் படகுத்துறைக் காலில் சுற்றியிருந்தது. வீட்டுக்காரர் பாட்டி ஒருவர். நாய் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நூலை அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது, அவர் அதுவரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வழியில் வேறு யாருடையதோ ஒரு பழைய பிளீச் புட்டி ஜக்கும் கண்ணில் பட்டது. தொடவில்லை, இடத்தைக் குறித்து வார்டனுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது கிடைக்கவில்லை. வடகிழக்கு மூலையில் ஒரு நீளமான ஓடைவாய் இருக்கிறது, தண்ணீர் ஒன்றரை அடிதான், மூழ்கிய மரம் வேறு. என் படகு உள்ளே போகாது. ஜே முள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆறு ஜக்கை ஒரு முள்ளுக்கு மாற்றிக் கட்டிவிட்டேன், மற்ற ஐந்தும் கராஜில் தொங்குகின்றன. மூன்றாவது கிடைக்கிறவரை ஒன்றையும் தண்ணீரில் விடுவதாக இல்லை.

சும்மாபாப்போம் வியாழன் இரவு

ஒன்றரை அடித் தண்ணீர் கயாக்குக்குத் தாராளம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் இருப்பேன், ஆஸ்டினிலிருந்து நாலு மணி நேரம், முந்தின ராத்திரியே கிளம்பிவிடுகிறேன். இரண்டு கயாக்கு கொண்டுவருகிறேன். நீங்கள் கம்பி வெட்டும் குறடு எடுத்துக்கொண்டு வாருங்கள். பிரியாணியும்.